11 நட்டும் ஒரு டேஷ்போர்டு பேடும்

என்னுடைய 1971 மாடல் கூப்பேயில் (இரண்டு கதவுக் கார்) டேஷ்போர்டு பேடை, அதாவது டேஷ்போர்டின் மேல் இருக்கும் மெத்தைப் பகுதியை, மாற்றி முடித்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும் என்று நினைத்து இறங்கிய வேலை, ஐந்து வாரம் இழுத்தது. இதே வேலையை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நட்டுகளின் எண்ணிக்கையும் இடமும் காருக்குக் கார் மாறும். ஆனால் அந்தக் காலத்துப் பேடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்யப்பட்டிருக்கும்: மேலே வினைல் தோல், நடுவில் பாலியூரித்தேன் ஃபோம், அடியில் ஒரு தகடு, அந்தத் தகட்டிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகள், அதாவது நட்டு பூட்டுவதற்கான திருகு ஆணிகள்.

என் பேடில் மூன்று பிளவுகள். ஸ்பீடோமீட்டருக்கு மேலே இருக்கும் வளைவிலிருந்து முன் கண்ணாடி வரைக்கும் ஒன்று ஓடியது, மற்ற இரண்டும் ஸ்பீக்கர் கிரில்லின் மூலைகளில். பிளவின் இரு ஓரமும் வெயிலில் காய்ந்த இலை மாதிரி மேலே சுருண்டு நின்றன, விரல் பட்டால் ஒடிந்து கையோடு வந்தன. உள்ளே இருந்த ஃபோம் மஞ்சள் பொடியாகிவிட்டிருந்தது. பிரேக் அடித்தால் அந்தப் பொடி கொஞ்சம் மடியில் கொட்டும்.

முதலில் நான் பேடைக் கழற்றவே இல்லை. பிளவுக்குள் வளையும் தன்மையுள்ள பட்டி நிரப்பி, எமரி தாள் போட்டுத் தேய்த்து, வினைல் பெயிண்ட் அடித்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒரு கோடைக்காலம்தான் தாங்கியது, பட்டியின் ஓரத்தை ஒட்டி அதே இடத்தில் மறுபடி வாய் பிளந்தது. அப்புறம்தான் காரணத்தைத் தேடிப் படித்தேன். அந்த வினைல் தோல் பிவிசி என்ற பிளாஸ்டிக்தான். அது இயல்பாகவே விறைப்பான பொருள், அதை மிருதுவாக்குவதற்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்பது அதற்குப் பெயர். கார் வெயிலில் நிற்கும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும், பழைய கார்களில் முன் கண்ணாடியின் உள்பக்கம் பிசுக்காகப் படிவதில் பெரும்பங்கு அதுதான். எண்ணெய் போகப் போகத் தோல் சுருங்கும். ஆனால் ஃபோமும் தகடும் அதைப் பிடித்து வைத்திருப்பதால் சுருங்க இடம் கிடைக்காது, இழுவிசை ஏறி ஏறி, ஓட்டை, மூலை என்று பலவீனமான இடமாகப் பார்த்துக் கிழியும். அதனால் பிளவை மட்டும் அடைத்தால் இழுவிசை அப்படியே உள்ளே இருக்கும். பிளவின் நுனிகளில் சிறு ஓட்டை போட்டுவிட்டு அடைத்தால் இன்னும் சில காலம் தாங்கும் என்கிறார்கள். எனக்கு மறுபடி அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை.

பேடின் மேல் ஒட்டி விடுகிற பிளாஸ்டிக் மூடிகளும் கிடைக்கின்றன. ஒரு மணி நேர வேலை, தூரத்தில் இருந்து பார்த்தால் குறை தெரியாது. அதை நான் வேண்டாம் என்று வைத்ததற்கு ஒரே காரணம், அடியில் அதே பொடியான ஃபோம்தான் இருக்கும். அந்த ஃபோம் அழகுக்கு வைத்ததல்ல. 1956-லேயே ஃபோர்டு பாதுகாப்புத் தொகுப்பில் பஞ்சு வைத்த டேஷ்போர்டை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. அதே ஆண்டு வந்த வோல்வோ அமேசானிலும் டேஷ்போர்டின் மேல்பகுதி மெத்தென்று இருந்தது. 1968 ஜனவரி 1 முதல், உள்ளே இருப்பவர்கள் மோதக்கூடிய பரப்புகளுக்கென்று அமெரிக்காவில் தனிப் பாதுகாப்பு விதியே வந்துவிட்டது. தலை வந்து மோதினால் அமுங்கிக் கொடுக்க வேண்டிய பொருள் பொடியாகக் கிடக்கும்போது, அதன் மேல் மூடி போட்டுவிட்டு என் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வைக்க எனக்கு ஒப்பவில்லை.

பழைய பேடையே அனுப்பி, புது ஃபோம் ஊற்றி, புதுத் தோல் ஏற்றி வாங்கும் வழியும் உண்டு. உங்கள் தகடே திரும்பி வருவதால் பொருத்தம் சரியாக இருக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும், அதுவரை கார் ஓடாது. நான் புதிதாகத் தயாரித்த மாற்றுப் பேடை வாங்கினேன். இன்று யாராவது கேட்டால் பழையதை அனுப்பச் சொல்வேன். ஏன் என்று கீழே வருகிறது.

கழற்றும் வேலையில் முதல் படி பேட்டரியின் நெகட்டிவ் கேபிள். பழைய கார்களில் ஆம்மீட்டருக்கு (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) வரும் தடித்த ஒயரில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும், கழற்றும்போது அதன் முனை டேஷ்போர்டுத் தகட்டில் பட்டால் ஒயரிங்கே எரிந்துவிடும். அதே மாதிரி ஆயில் பிரஷர் மீட்டரையும் பாருங்கள். என் காரில் அது இயந்திர வகை, எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் நேராக மீட்டருக்கே வருகிறது. அவசரத்தில் மீட்டர் தொகுப்பை முன்னால் இழுத்திருந்தால் குழாய் மடிந்து, கம்பளம் முழுக்க எண்ணெய் ஆகியிருக்கும். முதலில் கையைப் பின்னால் விட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளின் திருகைத் தளர்த்தி, அப்புறம் அந்தக் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டுத்தான் தொகுப்பை வெளியே எடுத்தேன். ஒவ்வொரு ஒயரிலும் ஒட்டுத்தாள், ஒவ்வொரு திருகுக்கும் தனிப் பை, பையின் மேல் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு, கூடவே ஒரு போட்டோ. ஐந்து வாரம் கழித்துத் திரும்பப் பூட்டும்போது நினைவு உதவாது, இவைதான் உதவும்.

முன் இருக்கைகள் இரண்டையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் முதல் நாள் முழுக்க வளைந்து நெளிந்து படுத்ததில் எனக்கு நான்கு நாள் கழுத்து திரும்பவில்லை.

பேடைப் பிடித்திருந்தவை 11 நட்டுகள். க்ளவ் பாக்ஸின் அட்டைப் பெட்டியை எடுத்ததும் மூன்று தெரிந்தன, மீட்டர் இருந்த ஓட்டை வழியாக நான்கு, ஸ்பீக்கர் ஓட்டை வழியாக இரண்டு. மீதி இரண்டும் முன் கண்ணாடிக்குச் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாய்களுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில். அவற்றை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் நாளே எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, மறுநாள் நீளமான எக்ஸ்டென்ஷனும், வளையும் மூட்டும் போட்ட சாக்கெட்டால் திருகினேன். பத்து வந்தன. பதினோராவது சுற்றிக்கொண்டே இருந்தது, கழன்று வரவில்லை. நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து சுற்றுகிறது என்று புரிய அரை மணி நேரம் ஆனது. சூடு காட்டலாம் என்றால் பக்கத்திலேயே ஒயரிங். கடைசியில் மேலே இருந்து, அந்த ஸ்டட்டுக்கு நேராக, பேடின் தோலைக் கத்தியால் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, ஃபோமைச் சுரண்டி, ஸ்டட்டின் தலையைப் பூட்டும் பிளையரால் நண்பர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்து நட்டைத் திருகினேன். எப்படியும் போகப்போகிற பேடுதானே என்று தைரியமாக வெட்டினோம். அரைச் சுற்றில் கிரீச் என்றது, அப்புறம் வழுவழுவென்று வந்துவிட்டது.

கண்ணாடி ஓரத்தில் பேடை ஒட்டியும் இருந்தார்கள். அங்கே பிளாஸ்டிக் பட்டையைத்தான் நுழைத்தேன், இரும்பு எதையும் கண்ணாடிப் பக்கம் கொண்டுபோகவில்லை. ஃபோம் பொடி பறக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்திலேயே வாக்குவம் கிளீனர் ஓடட்டும்.

பேடைத் தூக்கியதும் இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடியில் இருந்த தகட்டில் காரின் முதல் நிறம், வெயிலே படாத அந்தப் பச்சை, ஈரமாக இருப்பது போல மின்னியது. இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசியிருந்த சீலண்டில் ஒரு கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, அப்படியே பதிந்து இருந்தது. 1971-இல் யாரோ ஒருவர் வேலை நேரத்தில் வழித்துவிட்ட விரல். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சந்தோஷம் அந்த இடத்தோடு சரி. இடது மூலையில், கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்குக்குக் கீழே, தகடு பழுப்பாக உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்த்தபோது இரண்டு இடத்தில் ஊசி ஓட்டைகள். பல வருடமாக மழைத்தண்ணீர் பீடிங் வழியாக இறங்கி, பேடுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் தேங்கியிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கம்பளம் ஈரமாவதற்குக் கதவு ரப்பர்தான் காரணம் என்று நான் அதை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். இந்த நிலையில் மேலே புதுப் பேடு போட்டு மூடினால், பார்க்க அழகாக இருக்கிற காருக்குள் துரு வளர விடுவது போல ஆகும். கண்ணாடியைக் கழற்றினோம். ஐந்து வாரத்தில் இரண்டு வாரம் இதற்கே போனது: கம்பித் தூரிகையால் வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்து, ஓட்டைகளை வெல்டிங் செய்து, எபாக்சி பிரைமர் அடித்து, பச்சை பெயிண்ட் கலந்து பூசி, புதுப் பீடிங் வரவழைத்து. பேடு வெளியே இருக்கும்போதே ஹீட்டர் பக்கமும் கை வைத்தேன். காற்றுக் குழாய்களில் ஒன்று வெடித்திருந்தது. முன்பு வைத்திருந்தவர் யாரோ ரேடியோவுக்காக ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார், அதை வெட்டி, சாலிடர் வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டேன். மீட்டர் பல்புகள் அத்தனையும் புதிது. இனிமேல் அங்கே கை நுழையாது.

இப்போது புதுப் பேடு. பெட்டியில் மடங்கிக் கிடந்து வந்ததால் ஒரு முனை தூக்கி நின்றது. சமதளத்தில் வைத்து இளவெயிலில் மூன்று மணி நேரம் விட்டதும் தோல் இளகி ஓரளவு நேரானது. ஆனால் வைத்துப் பார்த்தால் 11 ஸ்டட்டில் 7 மட்டுமே ஓட்டைக்கு நேராக வந்தன, மற்ற நான்கும் 3, 4 மில்லிமீட்டர் தள்ளி. மாற்றுப் பேடுகளில் இது சகஜமாம். ஸ்டட்டை வளைத்தால் உள்ளே தகட்டிலிருந்து பெயர்ந்துவிடும். ஆகவே பழைய பேடைத் தலைகீழாகக் கிடத்தி, ஒரு அட்டையில் அதன் ஸ்டட்டுகளைக் குத்தி எடுத்து, அந்த அட்டையைப் புதியதின் மேல் வைத்து வித்தியாசத்தைக் குறித்தேன். பிறகு காரின் தகட்டில் இருந்த ஓட்டைகளை வட்ட அரத்தால் நீள்வட்டமாக்கி, ராவிய விளிம்புக்கெல்லாம் பெயிண்ட் தொட்டு, அகலமான வாஷர் போட்டேன். அந்தப் பழைய பேடை நண்பர் முதல் வாரமே குப்பையில் போடச் சொன்னார். நல்லவேளை போடவில்லை.

பசை இல்லாமல் எட்டு தடவை வைத்து எடுத்திருப்பேன். மீட்டர் ஓட்டையைச் சுற்றி ஃபோம் தடிமனாக இருந்ததால் மீட்டரின் மேல் விளிம்பு உட்காரவில்லை. தோலைத் தொடாமல், ஓரத்தின் உள்பக்கமிருந்து ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக எமரி தாளால் குறைத்தேன். ஒரு தடவை தேய்க்க, ஒரு தடவை வைத்துப் பார்க்க. ஃபோமை அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது, அதனால் இந்த இடத்தில் எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்று இருங்கள்.

பசை வாங்கும்போது வினைலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சாதாரண காண்டாக்ட் பசையை வினைலிலிருந்து வரும் பிளாஸ்டிசைசரே இளக்கிவிடும், சில மாதத்தில் ஓரம் தூக்கும். நட்டுகளை நடுவில் ஆரம்பித்து இரு பக்கமாகக் கையாலேயே திருகிக்கொண்டு போய், கடைசியில் சாக்கெட்டால் ஒரு சின்ன இறுக்கு, அவ்வளவுதான். ஒன்றை நான் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினேன், மேலே தோலில் கன்னக்குழி மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. தளர்த்தியதும் மறுநாள் காலைக்குள் பள்ளம் எழும்பிவிட்டது.

பேடு உட்கார்ந்த பிறகுதான் கண்ணாடியைப் போட்டோம். பேடின் மேல் தடித்த போர்வை விரித்து, பீடிங்கின் பள்ளத்தில் கயிறு வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே இருந்து நண்பர் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருந்து நான் கயிற்றை உருவ உருவ பீடிங்கின் உதடு தகட்டின் மேல் ஏறிக்கொண்டே வந்தது. கயிறு முழுதும் வந்ததும் பீடிங்குக்கு அடியில் சீலண்ட் பிதுக்கி, மறுநாள் தண்ணீர்க் குழாயால் சோதித்தோம். முதலில் கீழ் விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே, ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம். நான் டார்ச்சோடு கீழே படுத்து அந்த இடது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு இல்லை.

மீட்டர்களைப் பூட்டும் முன்பே பேட்டரியை இணைத்து, விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எரிபொருள் மீட்டர் மட்டும் அசையவில்லை, எர்த் ஒயரை மறந்திருந்தேன்.

புதுப் பேடின் கறுப்பு, கதவுப் பலகைகளின் கறுப்பைவிடக் கொஞ்சம் பளபளப்பு. ராத்திரியில் கண்ணாடியில் அதன் நிழல் விழுந்ததால், நன்றாகத் துடைத்துவிட்டு பளபளப்பில்லாத வினைல் பெயிண்ட் மெல்லிசாக இரண்டு கை அடித்தேன். எண்ணெய்ப் பசையான பாலிஷ் எதையும் இப்போது அதில் போடுவதில்லை. ஈரத்துணிதான், வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்குள் மறைப்பு அட்டை. வலது ஓரத்தில் பேடுக்கும் கண்ணாடித் தூணின் உறைக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது, பழைய தகட்டையே அனுப்பியிருந்தால் அது இருந்திருக்காது.

பழைய பேடு, அதில் நாங்கள் வெட்டிய அந்தத் தீப்பெட்டி அளவு சதுரத்தோடு, ஷெட்டின் பரணில் இருக்கிறது. ஸ்டட்டுகளைக் குறித்த அட்டையையும் அதனுடனேயே கட்டி வைத்திருக்கிறேன். இதே மாடல் வைத்திருக்கும் யாருக்காவது அளவு வேண்டுமானால் கேளுங்கள், இறக்கி அளந்து சொல்கிறேன்.