லஞ்சம் கொடுத்தவர் குற்றவாளியா?

கல்கத்தாவில் பிறந்து, லண்டன் பொருளியல் பள்ளியில் அமர்த்தியா சென்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கௌசிக் பாசு, 2009 டிசம்பரில் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகரானார்.

2011இல் அவர் நிதியமைச்சக இணையதளத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. சட்டப்படி நமக்குச் சேர வேண்டிய ஒன்றைத் தருவதற்கே அலுவலர் கேட்டுப் பறிக்கும் லஞ்சத்தில் கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது, வாங்கியவருக்கான தண்டனையை இரட்டிப்பாக்க வேண்டும் என்றார். இருவரும் குற்றவாளிகள் என்றால் இருவருமே வாய் திறக்க மாட்டார்கள். கொடுத்தவருக்கு அச்சம் நீங்கினால் அவர் புகார் செய்வார், அதை முன்கூட்டியே உணரும் அலுவலர் கை நீட்டத் தயங்குவார் என்பது அவர் கணக்கு. கணக்கு அழகானதுதான், ஆனால் புகார் கொடுத்த ஏழை நாளைக்கும் அதே அலுவலகத்தின் வாசலில்தானே நிற்க வேண்டும் என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அவர் 2012இல் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராகப் போய், 2016 வரை அங்கே இருந்தார். தில்லி அனுபவங்களை 2015இல் நூலாக்கினார். ஊழல் தடுப்புச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது, கட்டாயத்தின் பேரில் லஞ்சம் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் அளித்தால் அவருக்கு விலக்கு உண்டு என்ற விதி அதில் இடம்பெற்றது.