துந்துபி வருஷத்துத் தோணி

ஜனவரி 6

தூத்துக்குடி நண்பர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த பழைய கணக்குப் புத்தகத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். மொத்தம் 41 படங்கள். "எங்க பூட்டனார் தோணி கட்டினாராம். அந்தக் கணக்கா இருக்கும், பாத்துச் சொல்லு" என்று ஒரே ஒரு வரி. அவர்கள் வீட்டில் அப்பா காலத்திலேயே தோணித் தொழிலை விட்டாயிற்று. இவருக்குத் தோணியின் பாகங்களில் ஏரா எது, வங்கு எது என்று தெரியாது. எனக்கும் சொல்லளவில்தான் தெரியும்.

முதல் பக்கத்தின் உச்சியில் '௨' என்று இருந்தது. சரி, இது இரண்டாம் பக்கம், முதல் பக்கத்தைப் படமெடுக்க மறந்துவிட்டார் என்று நினைத்து எல்லாப் படங்களையும் இரண்டு தரம் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் அதே '௨'. அப்புறம்தான் உறைத்தது, அது பிள்ளையார் சுழி. பழைய கணக்குகளைப் பத்து வருஷமாகப் படிக்கிறேன் என்று இனி யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாது.

ஜனவரி 8

இரண்டு இரவு உட்கார்ந்ததில் கை பழகிவிட்டது. எழுதியவர் நல்ல கணக்குப்பிள்ளை. மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. இந்தக் கடைசி இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு, மரக்கடைக்காரர் எதற்காகத் தோணி முதலாளிக்குப் பணம் கொடுத்தார் என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்தில் 'ஏரா உயசு மு' என்று ஒரு வரி. 'உயசு' என்றால் என்ன மரம் என்று அகராதியெல்லாம் பார்த்தேன். மரமே இல்லை. அது ௨௰௬, அதாவது 26. 'ஏரா 26 முழம்.' ஏரா என்பது தோணியின் அடியில் முன்னும் பின்னும் ஓடும் முதுகெலும்பு மரம். அதை வைத்துத்தான் மற்ற எல்லாமே எழும்பும்.

அணாவைக்கூட இவர் பின்னத்தில்தான் எழுதுகிறார். ரூபாய்க்கு 16 அணா என்பதால் மாகாணி என்றால் ஓர் அணா, அரைக்கால் என்றால் இரண்டு, கால் என்றால் நான்கு. தசமப் புள்ளியில் வளர்ந்த நமக்குத்தான் இது கஷ்டம். அவருக்கு விரல் நுனியில் இருந்திருக்கும்.

ஜனவரி 11

வருஷம் எது? புத்தகம் 'துந்துபி ௵ வைகாசி ௴' என்று தொடங்குகிறது. ௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம். அறுபது வருஷச் சுழற்சியில் துந்துபி 56-ஆவது. 1982-ல் வந்தது, அதற்கு முன் 1922, அதற்கும் முன் 1862. பூட்டனார் என்ற கணக்குக்கு 1922 பொருந்துகிறது. ஆனால் குடும்பத்துக்குக் குடும்பம் 'பூட்டன்' என்ற சொல் நீளும், சுருங்கும். நாலு தலைமுறையையும் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு மேலே உள்ளவரையும் அப்படித்தான் சொல்வார்கள்.

பன்னிரண்டாம் படத்தில் விடை இருந்தது: 'தேக்குப் பலகை ரயிலடியிலிருந்து வண்டிச் சத்தம்.' சத்தம் என்றால் இங்கே வாடகை. தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். ஆக இது 1862 ஆக முடியாது. 1922 வைகாசியில் தொடங்கிய வேலை. அடுத்த வருஷம் ருத்ரோத்காரி பிறப்பதற்குள், மாசியில், தோணி கடலில் இறங்கியிருக்கிறது. காற்றுக்காலமான ஆனி, ஆடி, ஆவணியில் எப்படியும் தோணிகள் கரையில்தான் கிடக்கும். கட்டுமானத்துக்கு அதுதான் தோது.

ஜனவரி 19

எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ல் எழுந்த செங்கல் கட்டடம். உள்ளே போனால் வெளியே இருக்கும் ரயில் நிலையச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும்.

எனக்குத் தேவை ஒரே ஒரு தோணி. இங்கே இருப்பது கடல் அளவு காகிதம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் மட்டுமே உலகெங்கும் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கங்கள். ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், அப்புறம் நம் சென்னை என்று பிரிந்து கிடக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. டேனிஷ்காரர்கள் இருந்த தரங்கம்பாடி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய ஓலை கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. தங்கத்தில் எழுதினால் நிற்கும்போல.

நான் எடுத்துப் பார்த்தது சென்னை மாகாணத்தின் கடல்வழி வாணிப ஆண்டறிக்கைகள். துறைமுகவாரியாக, நீராவிக் கப்பல் தனி, பாய்க்கப்பல் தனி, எத்தனை வந்தன, எத்தனை போயின, எத்தனை டன் என்று கட்டம் கட்டமாக எண்கள். நம் தோணி இதில் எங்கோ ஒரு கூட்டுத்தொகைக்குள் ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கட்டியதற்கு ஒரு கட்டம் கிடையாது. சுங்கம் வாங்குகிறவனுக்கு அது எதற்கு?

ஜனவரி 20

ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1736-லிருந்து 1761-ல் இறக்கும்வரை புதுச்சேரியில் இருந்து நாட்குறிப்பு எழுதியவர். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். அவருக்கே சொந்தமாகக் கப்பல் இருந்தது, 'ஆனந்தப்புரவி' என்று பெயர். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், என்ன சரக்கு என்பதெல்லாம் எழுதுவார். பீரங்கி எண்ணிக்கையில் அவருக்கு இருக்கும் அக்கறையே தனி. யாருக்கு எவ்வளவு மரியாதை என்று அதில்தான் தெரியும்.

நான் இதுவரை படித்த பக்கங்களில் வந்த கப்பல் உண்டு, போன கப்பல் உண்டு, ஏற்றிய துணிக்கட்டு உண்டு. கட்டிய ஓடாவியைப் பார்க்கவில்லை. ஓடாவி என்றால் கப்பல் தச்சர்.

ஜனவரி 24

1841-ஆம் ஆண்டின் 10-ஆவது சட்டப்படி இந்தியாவில் கப்பல்களைப் பதிந்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பதிவேடு ஒன்று கிடைத்தால் கட்டிய இடமாவது தெரியும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். மூன்று மேசை மாற்றினார்கள். மூன்றாவது மேசைக்காரர் நல்ல மனிதர், தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், பழசெல்லாம் ஒரு ரூம்ல போட்டிருந்தோம். மழைத்தண்ணி வந்துது. அப்புறம் ரூமைக் காலி பண்ணிட்டோம்."

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை இன்றைக்கு.

ஜனவரி 27

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் நினைவுக்கு வந்தது. 89 அடி நீளம். அதன் அளவு, படம், பயணம் எல்லாம் நமக்குக் கிடைக்கிறது. காரணம், ஓர் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார், 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார், தமிழ் மாலுமிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைக்குப் போனார்கள். அங்கே பத்திரிகைக்காரர்கள் கரையில் நின்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் அதே கரையில் இறங்கிய மற்ற கப்பல்களுக்கு அப்படி யாரும் நிற்கவில்லை.

தூத்துக்குடியிலும் அதே கதைதான். சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி என்றால் எல்லாருக்கும் தெரியும். 1906 அக்டோபரில் பதிவு, 10 லட்சம் மூலதனம், 25 ரூபாய்ப் பங்கு 40 ஆயிரம், 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள். கோப்பு கோப்பாக இருக்கிறது, ஏனென்றால் அரசாங்கம் பயந்தது. வ.உ.சி.யைச் சிறைக்கு அனுப்பியதால் இன்னும் கோப்புகள். பயப்பட வைக்காத தோணிக்குக் கோப்பு எதற்குத் திறப்பார்கள்?

பிப்ரவரி 3

தூத்துக்குடி. நண்பர் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனார். ஓடாவி வேலையை விட்டு இருபது வருஷம் ஆகிறது. எண்பதைத் தாண்டிய வயது, ஆனால் கை இன்னும் உளியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருக்கிறது.

ஏரா 26 முழம் என்றேன். கைமுழம் 18 அங்குலம், ஆக 39 அடி, சின்னத் தோணி என்று நான் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருந்தேன். பெரியவர் சிரித்தார்.

"ஏ தம்பி, இது பூக்காரி அளக்குத முழம் இல்ல. தச்சுமுழம்லா."

தச்சுமுழம் 33 அங்குலம். அப்படியானால் எழுபத்தொன்றரை அடி! தோணியின் உருவமே என் மனத்தில் ஒரே நொடியில் இரண்டு பங்காகிவிட்டது. சரிபார்க்க வழி புத்தகத்திலேயே இருந்தது. பின்பக்கம் ஒன்றில் 'கொழும்பு நடை ஒன்று, மூட்டை ௯௱' என்று இருக்கிறது. 900 மூட்டை. மூட்டைக்கு 75 கிலோ என்று வைத்தாலும் 67 டன்னுக்கு மேல். 39 அடியில் அதை ஏற்றினால் துறையிலேயே முழுகிவிடும்.

அப்புறம் செலவுக் கணக்கை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். நான் படிக்கப் படிக்க அவர் கையால் காற்றில் தோணி கட்டிக்கொண்டே வந்தார். 'வாகை வளைசல்' என்ற வரிக்கு நேரான மரத்தைவிடக் கூடுதல் விலை போட்டிருந்தது. எனக்கு அது தவறாகப் பட்டது. "நேர் மரம் யாருக்கு வேணும்? வங்குக்கு வளைஞ்சதுதான் வேணும். அறுத்து வளைச்சா ரேகை வெட்டுப்படும், அடி தாங்காது. மரம் தானா வளைஞ்சிருக்கணும். ஒரு கொப்புக்காக நாலு ஊரு நடந்திருக்கேன்" என்றார். வங்கு என்பது ஏராவிலிருந்து இரண்டு பக்கமும் விலா எலும்புபோல எழும்பும் சட்டம்.

அடுத்து பஞ்சு, குங்கிலியம், எண்ணெய். இது மூன்றும் அடுத்தடுத்த வரியில் வந்ததும், "கலப்பத்து ஆரம்பிச்சிட்டான்" என்றார். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசி, தண்ணீர் புகாமல் அடைப்பது. எந்த மாசம் என்று கேட்டார். தை என்றேன். "சரியாப் போச்சு" என்று தலையாட்டினார், ஏதோ போன வாரம் அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி.

கப்பல் கட்டும் அளவுகளும் சோதிடப் பலன்களும் சொல்லும் 'கப்பல் சாத்திரம்' என்ற சுவடியைச் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-ல் அச்சிட்டிருக்கிறது என்று சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. "எழுதி வச்சா கட்டுனோம்? அப்பன் பக்கத்துல நின்னு கட்டுனோம்." வரைபடமும் கிடையாதாம். ஏராவையும் அணியத்து மரத்தையும் நட்டுவிட்டால் மற்றது கண் சொல்லுமாம். அணியம் என்றால் முன்புறம்.

பிப்ரவரி 4

கூலிப் பக்கங்கள். 'தலை ஓடாவி', 'சின்ன ஓடாவி', 'எடுபிடிப் பையன்'. இப்படித்தான் ஒன்பது மாசமும். மரக்கடைக்காரருக்குப் பெயர் இருக்கிறது, ஆணிக்கடைக்குப் பெயர் இருக்கிறது, வண்டி மாட்டுக்குக்கூட 'மயிலைக்காளை' என்று ஓர் அடையாளம் இருக்கிறது. தலை ஓடாவி வெறும் தலை ஓடாவிதான். கார்த்திகையில் 'ஓடாவி மகள் கலியாணத்துக்கு முன்பணம் ௹ ௩௰' என்று 30 ரூபாய் பற்று எழுதி, அதை மாசிவரை நாலு தவணையில் கூலியில் பிடித்திருக்கிறார்கள். கடைசித் தவணைக்கு நேரே கோடு போட்டு அடித்து, 'விட்டது' என்று எழுதியிருக்கிறது. முதலாளி தள்ளுபடி செய்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தோணி இறக்கிய நாள்: தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம், கயிறு இழுத்த ஆட்களுக்குச் சாப்பாட்டு அரிசி, ஓடாவிக்கு வேட்டி துண்டு. அதோடு 41-ஆம் படம் முடிகிறது.

பிப்ரவரி 5

படம் முடிந்தது, புத்தகம் முடியவில்லை. இன்று நண்பர் வீட்டில் அசல் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோது கடைசி அட்டைக்கு முன்னால் இரண்டு தாள் ஒட்டிக் கிடந்தது. ஈரத்தில் ஒட்டியது. நண்பருடைய அம்மா, "கிழிச்சிராதீங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றார். உலர்ந்த பனை ஈர்க்கை ஓரத்தில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் பிரித்துவிட்டேன்.

உள்ளே கணக்குத் தீர்த்த ரசீது. 'கூலி பாக்கியில்லாமல் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்.' கீழே மை கொஞ்சம் அதிகமாகத் தொட்ட ஒரு கட்டைவிரல் ரேகை, அதன் நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. உளி பட்ட பழைய தழும்பு. அதற்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் 'இன்னார் கைநாட்டு' என்று பெயர், தகப்பனார் பெயர், தெரு.

சாயங்காலம் பெரியவரிடம் போய்ப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த வீட்டார் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார்களாம், பேரன் ஒருவர் படகு இயந்திரம் பழுதுபார்க்கிறாராம். அவர்களைக் கேட்காமல் பெயரை இங்கே எழுதமாட்டேன். வியாழக்கிழமை காலை மூன்று பேருமாகப் போகிறோம். நண்பர் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போடவேண்டும் என்கிறார். முதலில் ஒரு நகல் எடுத்து அவர்கள் கையில் கொடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.