இரண்டு வருடம் அப்பா பெயரில்: மிஷன் போகிற தம்பிகளுக்கு

நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் (மார்மன்) சபையில் இரண்டு வருட மிஷனரி ஊழியத்துக்கு விண்ணப்பிக்க, அதாவது மிஷன் பேப்பர் போடப்போகிற தம்பிகள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பதெல்லாம் நேர்காணலைப் பற்றித்தான். அதில் ஒன்றுமே இல்லை. கிளைத் தலைவர் உங்களை ஞாயிற்றுப் பள்ளிக் காலத்திலிருந்து பார்த்தவர். அரை மணி நேரத்தில் ஜெபம் செய்து அனுப்பிவிடுவார். பயப்பட வேண்டியது தடுப்பூசி அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும்.

மருத்துவப் படிவத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் ஊசி போட்ட தேதி கேட்பார்கள். நம் ஊரில் நாங்கள் பிறந்த காலத்தில் அரசு மருத்துவமனையில் தட்டம்மைக்கு மட்டும்தான் போட்டார்கள். அந்த அட்டையும் வீடு மாறியதில் காணாமல் போயிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா, இவ்வளவு பழைய நோட்டை எந்த மூட்டையில் தேடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். தனியார் மருத்துவர் ஒருவர், நேரில் பார்க்காத ஊசிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். வழி ஒன்றுதான்: புதிதாக இரண்டு தவணை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும் என்பதால், பேப்பர் போடலாமா என்ற யோசனை வந்த அன்றே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். பல் மருத்துவரிடம் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து இருக்கிறதா என்று எதிரில் உட்கார்ந்தே பாருங்கள். என்னுடையவர் கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு, ஊட்டிக்குப் போய்விட்டார்.

அடுத்தது பெயர். என் பாஸ்போர்ட்டில் என் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தன. குடும்பப் பெயருக்கான கட்டம் காலி. சபையின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது. அப்பா பெயர் அங்கே போனது. அழைப்புக் கடிதம் அந்தப் பெயரில் வந்தது: இங்கிலாந்து, லண்டன் மிஷன். அம்மா அழுதார், அத்தை கேசரி கிளறினார், எல்லாம் ஆயிற்று. மறுநாள்தான் யாரோ சொன்னார்கள், கடிதமும் பாஸ்போர்ட்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெயரை மாற்றச் சொல்லவில்லை, இருப்பதை இரண்டு கட்டமாகப் பிரிக்கத்தான் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அப்பா பெயர் எப்படி உங்கள் பெயராகும்? கெஜட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள்” என்றார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அப்பா பெயர்தான் இரண்டாம் பெயர் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? திரும்பிப் போய், “எழுத்து மாற்றம் இல்லை, பிரிப்பு மட்டும்” என்று பெரிய எழுத்தில் எழுதி, பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் சேர்த்து மறுபடி நீட்டினேன். அன்று வேறொரு அம்மையார் இருந்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கெஜட் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் இங்கிலாந்தில் தங்குபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்று வேண்டும். புதிய பாஸ்போர்ட் தபாலில் இருந்தது. பழைய பாஸ்போர்ட்டோடு விண்ணப்ப ரசீதும் இருந்தால் போதும் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதை நம்பிக் கோயம்புத்தூரிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்குப் போனேன். ரத்து முத்திரை குத்திய பாஸ்போர்ட்டுக்கு எக்ஸ்ரே எடுக்க மாட்டோம் என்று மருத்துவமனை வரவேற்பில் சொல்லிவிட்டார்கள். தொலைபேசியில் பேசியவர் யார் என்றால், அவருக்கு இன்று விடுமுறையாம். ஆகவே பேசியவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

விசா வரும்வரை பெங்களூரு மிஷனில் தற்காலிகமாக ஊழியம் செய்தேன். நன்றாகவே போனது. பிறகு இங்கிலாந்தில் சோர்லி என்ற ஊரில் இருக்கும் மிஷனரிப் பயிற்சி மையம், பக்கத்திலேயே ஆலயம். 1837இல் அமெரிக்காவிலிருந்து வந்த நம் சபையின் முதல் மிஷனரிகள் அங்கிருந்து சற்றுத் தூரத்திலுள்ள பிரெஸ்டனில் பிரசங்கம் செய்த கதையை உருக்கமாகச் சொன்னார்கள். அவர்களை யாரும் எக்ஸ்ரே கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

லண்டனில் காலை ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, வேதபாடம், பிறகு தெரு. இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, கருப்பு பேட்ஜில் ‘எல்டர்’ என்ற பட்டத்துக்குப் பின்னால் அப்பா பெயர் மட்டும் இருக்கும் என்பதும், இரண்டு வருடம் உங்கள் சொந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதும். அப்பா பெயரில் ஒரு ழகரம் வேறு. அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து வந்த என் கம்பானியன், அதாவது என்னோடு ஜோடியாக ஊழியம் செய்யும் மிஷனரி, அதை வாயில் போட்டு மென்று துப்பினான். வீட்டுக்குப் பேசும்போது அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே பெருமை. 2019 பிப்ரவரியில் வாராவாரம் பேசலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள், நல்லவேளை. அதற்கு முன்பு போன அண்ணன்மார்களுக்கு வருடத்தில் இரண்டே அழைப்பு.

கம்பானியனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குளியலறை தவிர மற்ற நேரமெல்லாம் அவன் கண்ணிலும் காதிலும் நீங்கள் இருந்தாக வேண்டும். நல்ல பையன், ஆனால் மூன்று வேளையும் பாலில் போட்ட தானியம் தின்பவன். என் ரசம் கொதிக்கும்போது தும்மிக்கொண்டே ஜன்னலைத் திறப்பான், அதுவும் ஜனவரியில். எங்கள் வீட்டில் எரிவாயு முன்பணம் கட்டும் மீட்டரில் ஓடியது. ஒரு சனிக்கிழமை இரவு பணம் தீர்ந்து, மீட்டர் தரும் அவசரக் கடனும் தீர்ந்தது. விடிந்தால் ஓய்வுநாள், கடையில் எதுவும் வாங்கக் கூடாது. போதாததற்கு அது மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசம். பசியோடும் குளிரோடும் கோட்டுப் போட்டபடியே படுத்தோம். சனிக்கிழமை மாலை மீட்டரைப் பார்ப்பது ஜெபத்துக்குச் சமமான கடமை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர்கள் கதவைச் சாத்துவது பழகிவிடும். பாதிப் பேர் யெகோவாவின் சாட்சிகள் என்று நினைத்துச் சாத்துவார்கள், மீதிப் பேர் லண்டன் நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டில் ஓடும், எங்கள் சபையைக் கேலி செய்யும் இசை நாடகத்தின் பாட்டைப் பாடிவிட்டுச் சாத்துவார்கள். கஷ்டமே கதவைத் திறக்கிற தமிழர்களிடம்தான். ஈஸ்ட் ஹாமில் என் முகத்தைப் பார்த்ததும் “தம்பி எந்த ஊர்?” என்று உள்ளே அழைத்துவிடுவார்கள். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். சம்பளம் இல்லை, வீட்டிலிருந்துதான் மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்றேன். சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, “உங்கள் அம்மாவுக்கு இது தெரியுமா?” என்றார்.

அதற்குள் தேநீர் வந்துவிடும். நமக்கு ஞான வார்த்தை என்ற சபையின் உடல்நல விதிப்படி டீயும் காபியும் ஆகாது. க்ரீன் டீ என்று தப்பிக்கவும் வழியில்லை, அதுவும் கூடாது என்று 2019இல் சபையே எழுதிவிட்டது. வீடு தேடி வந்தவன் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டு அம்மாவின் முகம் சுருங்கிவிடுகிறது. தண்ணீர் போதும் என்றால் இன்னும் மோசம், உங்களை நோயாளி என்று முடிவு கட்டிவிடுவார்கள். சில வீடுகளில் அப்படித்தான் விருந்தும் கெட்டது, பேச்சும் கெட்டது.

பிறகு ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ்க் கடையில் நெஸ்டமோல்ட் டப்பாவைப் பார்த்தேன். இலங்கைத் தமிழர் வீடு என்றால் அநேகமாக அலமாரியில் இருக்கும் மால்ட் பானம். அன்றிலிருந்து தேநீர் என்று வாயெடுக்கும் முன்பே, “அம்மா, நெஸ்டமோல்ட் இருக்கிறதா?” என்று நானே கேட்டுவிடுவேன். என்னை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், சர்க்கரை தூக்கலாக இரண்டு கோப்பை வரும், ஐடஹோக்காரன் சப்புக்கொட்டிக் குடிப்பான். அந்த ஐயா வீட்டில் யாரும் சபையில் சேரவில்லை. நாங்கள் தெருவில் வருவதைப் பார்த்தால் பால் மட்டும் அடுப்பில் ஏறிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். ஊருக்கு வந்து இறங்கினாலும், உங்கள் பகுதிச் சபைத் தலைவர் முறைப்படி விடுவிக்கும்வரை நீங்கள் மிஷனரிதான், எல்லா விதியும் பொருந்தும். நான் இறங்கிய அன்று அவர் வெளியூரில் ஒரு திருமணத்தில் இருந்தார். பேட்ஜைக் கழற்றாமல், மாமா மகன்கள் போட்ட சினிமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். விமான டிக்கெட் கையில் வந்ததும் அவருடைய தேதியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.