அம்மாவுக்கு ஓர் அம்மோலைட் டாலர்

கனடாவின் கல்கரியில் இருந்து ஊருக்குப் போகிறவர்கள் மேப்பிள் சிரப்பும் சாக்லேட்டும் வாங்கிப் போவது வழக்கம். எனக்கு அம்மோலைட் என்ற ரத்தினக் கல் மேல் கண். நகைக்கடையில் விலையைக் கேட்டதும், கல் அறுத்து மெருகேற்றும் பொழுதுபோக்குக் குழு ஒன்றில் சேர்ந்து நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

அம்மோலைட் என்பது அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரியின் ஓடு. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே வடக்கு தெற்காக ஒரு கடல் கிடந்தது. கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான இந்தச் சுருள் ஓட்டு உயிரி அதில் வாழ்ந்தது. அம்மோனைட் படிவங்கள் உலகமெங்கும் உண்டு, நம் அரியலூரிலும் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஓட்டில் உள்ள அரகோனைட் என்ற சுண்ணாம்புத் தாது கரைந்தோ, கால்சைட் என்ற வேறு தாதுவாக மாறியோ போய்விடும். கல்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் தெற்கே, பேர்பா என்ற களிப்பாறை அடுக்கில் அது அப்படியே தங்கிவிட்டது. அடுக்கடுக்கான அரகோனைட் தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறங்களைத் தருகிறது. சோப்புக் குமிழியில் நடக்கும் அதே வித்தைதான். சிவப்பும் பச்சையும் சாதாரணமாகக் கிடைக்கும். மெல்லிய அடுக்குகளில் இருந்து வரும் நீலமும் ஊதாவும் அபூர்வம். 1981இல் சர்வதேச நகை வணிகக் கூட்டமைப்பு இதை ரத்தினமாக ஏற்றது, 2004இல் ஆல்பர்ட்டாவின் மாகாண ரத்தினமும் ஆனது.

இது கிடைக்கும் செயின்ட் மேரி ஆற்றங்கரைக்குப் போய்ப் பொறுக்கினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நில உரிமையாளர் அனுமதித்தால் தரையில் கிடப்பதை எடுக்கலாம்தான். ஆனால் நாம் வெறும் காவலாளி, சொந்தக்காரர் மாகாண அரசு. உரிமைச் சான்றிதழ் வாங்காமல் அதை விற்கவோ அறுக்கவோ மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகவோ கூடாது. எனவே சான்றிதழோடு விற்கும் வியாபாரியிடமே வாங்கினேன். ஒரு விஷயம் கவனியுங்கள்: கல்லைத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவார்கள். நனைந்தால் எந்தக் கல்லும் அழகுதான். துடைத்துக் காயவைத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் நிறம் அணையாத துண்டு நல்ல துண்டு.

கையில் எடுத்தால் விரலோடு செதில் ஒட்டி வருகிறது. நிறமுள்ள அடுக்கின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரில் இருந்து 0.8 வரைதான், அதிலும் ஆயிரம் விரிசல். அதனால் முதல் வேலை, நீர்த்த எபாக்ஸிப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு விரிசல்களை நிரப்பி இரவு முழுக்க இறுக விடுவது. இதை அவசரப்படுத்தினால் அப்புறம் சக்கரத்தில் வைத்ததும் உதிர்ந்துவிடும்.

சாணை பிடிப்பதற்கு முன் குழுவில் இருந்த பெரியவர் ஒரு கழிவுத் துண்டை எடுத்து, வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துக் காட்டினார். நல்ல கிளிப்பச்சை. சக்கரத்தில் இரண்டு முறை தொட்டு எடுத்தார், பச்சைக்கு நடுவே அடிப்பாறையின் பழுப்புப் பொட்டு. இன்னொரு தொடல், பொட்டு காசளவு ஆகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் கை அழுத்தாது. நுண்ணிய வைரத்தூள் சக்கரம், கொஞ்சம் தண்ணீர், முகத்தில் முகமூடி. ஒவ்வொரு தொடலுக்கும் துடைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் முன்னேறினேன். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் இது நான்கை ஒட்டித்தான் என்பதால் பொடி மாவாகக் கொட்டுகிறது.

மெல்லிய தகடாக மட்டும் விடுவதா, மேலே மூடி போடுவதா என்று நிறைய யோசித்தேன். அடியில் கருங்களிப்பாறை, நடுவில் அம்மோலைட், மேலே குமிழ் வடிவப் படிகக்கல் என்று மூன்றையும் ஒட்டுவதை டிரிப்லெட் என்பார்கள். இதைப் போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிரிப்லெட் என்று சொல்லி விற்றால் அதில் என்ன குறை? அம்மா தினமும் போடுவார், மதுரை வெயில், வியர்வை. மூடிதான் சரி. ஒட்டும்போது காற்றுக் குமிழி சிக்காமல் ஓரத்தில் இருந்து மெதுவாகச் சாய்த்து இறக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளி விளிம்பு கட்டுவதை ஊரில் ஆசாரியிடமே விட்டுவிட்டேன்.

சென்ட் அடித்து, காய்ந்த பிறகே போட வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ படக்கூடாது. நகைக்கடையில் சுத்தம் செய்யும் அல்ட்ராசானிக் இயந்திரத்தில் போட விடக்கூடாது. இதையெல்லாம் அம்மாவிடம் போனில் ஒப்பித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏண்டா, சுருள் சுருளா இருக்கும்னியே, சாளக்கிராமத்தையா அறுத்த?”

கேள்வி நியாயமானது. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவமேதான். அது வேற ஆறும்மா, இதைவிடப் பல கோடி வருஷம் மூத்தது என்றேன்.

“அப்ப இது தம்பி. சரி, வெள்ளிக்கிழமைல இருந்து போட்டுக்கறேன்.”