நாக்கில் குத்திக்கொண்டதும், கம்பியை மாற்றத் தாமதித்ததும்

கவரிங் தோடு போட்டால் இரண்டாம் நாளே காது சிவந்து நீர் வடியும் உடல்வாகு எனக்கு. அது நிக்கல் ஒவ்வாமை என்று தோல் மருத்துவர் சொல்லியிருந்ததால், நாக்கில் குத்திக்கொள்ள வேண்டும் என்ற பல நாள் ஆசைக்குத் துணிந்தபோது, எந்த உலோகத்தை வாய்க்குள் வைத்துக்கொள்வது என்பதைத்தான் முதலில் விசாரித்தேன்.

சென்னையில் நான் முதலில் போன கடையில் "சர்ஜிகல் ஸ்டீல்தான், ஒன்றும் ஆகாது" என்றார்கள். அந்தப் பெயரில் விற்கப்படும் 316எல் எஃகில் 10 முதல் 14 விழுக்காடு வரை நிக்கல் இருக்கிறது. பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது என்றாலும், எனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நாக்கில் சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை. தங்கத்திலேயே செய்யச் சொல்லலாமே என்றார் அம்மா. ஆனால் நாம் அணியும் 22 காரட் தங்கம் மென்மையானது. பல்லில் பட்டுப் பட்டுக் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் அழுக்குத் தங்கிவிடும். கடைசியில், உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டேனியம் என்று முடிவுசெய்து, ஏஎஸ்டிஎம் எஃப்136 என்ற தரக்குறியீட்டுக்கான சான்றை எடுத்துக் காட்டிய இன்னோர் இடத்தில் நாள் குறித்தேன்.

குத்தியவர் பொறுமைசாலி. விளக்கடித்து, நாக்கின் அடியில் நீலமாக ஓடும் இரத்த நாளங்களையும் நடுவில் நாக்கைப் பிடித்திருக்கும் சவ்வையும் பார்த்து, அவற்றில் படாத இடத்தில் புள்ளி வைத்த பிறகே, என் கண்முன் உறை பிரித்த ஊசியைக் கையில் எடுத்தார். குத்தியது ஒரு நொடிதான். கம்பி 1.6 மில்லிமீட்டர் தடிமன், 20 மில்லிமீட்டர் நீளம். இவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டேன். நாக்கு வீங்கும்போது கம்பி குட்டையாக இருந்தால் மேலும் கீழும் உள்ள உருண்டைகள் சதைக்குள் புதைந்துவிடும் என்றும், வீக்கம் வடிந்ததும், அதாவது மூன்று வாரம் கழித்து, வந்து குட்டையான கம்பியாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

காவடி எடுக்கும்போது நாக்கில் அலகு குத்திக்கொள்ளும் என் தாய்மாமா, மறுநாளே எல்லாம் சாப்பிடுவதாகச் சொல்வார். எனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அலகை அன்றைக்கே உருவிவிடுகிறார்கள், துளையும் விரைவில் மூடிக்கொள்கிறது. நகையோ துளைக்குள்ளேயே தங்க, அதைச் சுற்றிப் புதுத்தோல் வளர்ந்தாக வேண்டும். அந்த வேறுபாடு எனக்கு மூன்றாம் நாள் புரிந்தது. நாக்கு தடித்துப்போய் ழகரம் வாயில் வரவே இல்லை. தொலைபேசியில் வாடிக்கையாளர்களோடு பேசும் வேலை என்பதால் ஒரு வாரம் விடுப்பு எடுத்திருந்தது நல்லதாயிற்று. ஐஸ் துண்டுகள், ஆறிய ரவைக் கஞ்சி, குழைத்த தயிர்சாதம், இளநீர் என்று அந்த வாரம் கழிந்தது.

ஒரு தம்ளர் கொதித்து ஆறிய நீரில் கால் தேக்கரண்டி அயோடின் கலக்காத உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொப்பளித்தேன். காரமான மவுத்வாஷ் சீக்கிரம் ஆற்றும் என்று தோழி சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் பயன்படுத்தியதில் எரிச்சல்தான் மிச்சம்; அதன்பின் ஆல்கஹால் இல்லாத ஒன்றுக்கு மாறினேன். பல் துலக்கப் புதிய மென்மையான பிரஷ் வாங்கினேன். கம்பியைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாகக் கசிந்ததைக் கண்டு முதலில் சீழ் என்று பயந்தேன். ஆறும் புண்ணில் இயல்பாக ஊறும் நீர் அது. காய்ச்சலோ, நாளுக்கு நாள் கூடும் வலியோ, விழுங்க முடியாத வீக்கமோ வந்தால் கம்பியைக் கழற்றாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள்.

நான் செய்த பெரிய தவறு, எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றிய பிறகு நிகழ்ந்தது. வீக்கம் வடிந்து, வலியும் இல்லாததால், கம்பி மாற்றப் போவதை இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன். எட்டாம் வாரத்தில் ஒரு மாலை முறுக்கு கடித்தபோது, நீளம் மிஞ்சித் தொங்கிய கீழ் உருண்டை பற்களுக்கு நடுவே சிக்கி, கடைவாய்ப் பல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிட்டது. பல் மருத்துவர் அந்த விளிம்பை மழமழப்பாக்கிக் கொடுத்ததோடு, கீழ் முன்பற்களின் உட்புற ஈறையும் பார்த்தார். நீளக் கம்பி அங்கே ஓயாமல் உரசினால் ஈறு இறங்கும், இறங்கிய ஈறு தானாகத் திரும்பி வளராது என்றார். மறுநாளே போய் 16 மில்லிமீட்டர் கம்பிக்கு மாறினேன். கீழ்ப்பக்கத்துக்கு உருண்டை வேண்டாமென்று தட்டையான வில்லையைக் கேட்டு வாங்கினேன்.

தோட்டின் திருகாணியைப் போல இதுவும் தளரக்கூடியது. பேச்சிலும் சாப்பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, தூக்கத்தில் விழுங்கிவிடவும் வாய்ப்புண்டு. அதனால் இரவு பல் துலக்கியதும், சோப்பிட்டுக் கழுவிய கையால் மேல் உருண்டையை வலப்பக்கமாகத் திருகி இறுக்கிவிட்டுத்தான் படுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈற்றைக் காட்டிவருகிறேன், இதுவரை இறங்கவில்லை.