மணிமங்கலத்து மாஸி

பழைய டிராக்டர் வாங்கப் போகிறேன் என்றதும் ஆபீஸில் எல்லோரும் கேட்டது "எந்த வருஷ மாடல்?" என்றுதான். விற்பவரிடம் நான் கேட்டது வேறு: இத்தனை வருஷமாக இந்த வண்டி என்ன வேலை செய்தது?

உத்திரமேரூர் பக்கம் அம்மா வழியில் வந்த நாலு ஏக்கர் இருக்கிறது. கடலை போட்ட மண். ஆள் கிடைக்காமல் விட்டதில் இப்போது இடுப்பளவு புல், தாழ்வான இடங்களில் கோரை, வரப்போரம் வேலிக்காத்தான். தம்பி அங்கேயே மாடு வைத்திருக்கிறான். ஆனால் முற்றிக் காய்ந்த புல்லில் மாடு வாய் வைக்காது. ஒரு தரம் வேரை விட்டுத் தரையொட்ட வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் துளிர்த்து வரும். வாடகை வண்டிக்காரர்கள் எல்லோரும் ரோட்டவேட்டரோடுதான் வருகிறார்கள். அது மண்ணோடு புல்லின் வேரையும் புரட்டிப் போட்டுவிடும், அப்புறம் மேய்ச்சல் ஏது? எங்களுக்கு வேண்டியது பிளேடு சுழன்று புல்லை மட்டும் வெட்டும் ஸ்லாஷர். அதற்கு ஒரு டிராக்டர். வருஷத்தில் சில நாள் வேலைக்குப் புது வண்டி எடுக்க நான் என்ன ஜமீனா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். டிராக்டர் ஓட்டத் தெரியாது. தேய்ந்த பல்லைப் பார்த்தால் எந்தப் பக்கம் சுமை வாங்கியது என்று சொல்லத் தெரியும். மீதிக்குப் படப்பையிலிருந்து மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டேன்.

முதலில் பார்த்தது வாலாஜாபாத் ரோட்டில் ஒரு புரோக்கர் ஷெட்டில். பளபளவென்று சிவப்புப் பெயின்ட், புது சீட் கவர், பம்பரில் எலுமிச்சம்பழம். அண்ணன் பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின் சக்கரத்துக்கு உள்பக்கம் குனிந்தார். ஆக்சிலிலிருந்து ஆயில் கசிந்து பிரேக் டிரம் வரை ஊறியிருந்தது. "கேஜ் வீல் போட்டுச் சேத்துல உழுத வண்டிக்கா" என்றார். கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு சேறடிக்கும் வண்டியில் மண் கலந்த தண்ணீர் ஆக்சில் சீலைத் தின்றுவிடும். பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் பிடிஓ தண்டின் பற்களும் ஓரம் மழுங்கிப்போயிருந்தன, ரோட்டவேட்டர் உபயம். புல் வெட்டத் தேவையான இடம் எதுவோ அங்கேதான் இந்த வண்டி தேய்ந்திருந்தது. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

அடுத்தது மணிமங்கலம். நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியைத் தோற்கடித்த மணிமங்கலம் இப்போது மனைப்பிரிவு போர்டுகளின் மணிமங்கலம். நிலமெல்லாம் வீடாகிவிட்டதால் நாங்கள் பார்க்கப் போன ஐயாவின் மாஸி பெர்குசன் 1035 டிராக்டருக்கு அங்கே உழவு வேலை நின்று பல காலம் ஆகிறது. அப்புறம் என்ன செய்தது என்றால், தண்ணீர் டேங்கர் இழுத்தது. முடிச்சூர், பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்டுகளுக்கு.

இந்த மாடலின் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர்ப் பாசம் உண்டு, பெரம்பூரில் வளர்ந்தவள். 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்த வண்டி, சிம்சன் இன்ஜின். சிம்சன் 1840-ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி. செம்பியத்தில் அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். பாசம் இருக்கட்டும், மூன்று சிலிண்டர், 35 எச்.பி. சொச்சம், சாமானுக்கு அலைய வேண்டாம். ஸ்லாஷருக்கு அடிக்கு 5 எச்.பி. என்பது பொதுவான கணக்கு. பிடிஓ-வுக்கு வந்து சேரும் சக்தி அதைவிடக் கொஞ்சம் குறையும் என்பதால் இதற்கு 5 அடி ஸ்லாஷர் சரியாக இருக்கும்.

போனதும் அண்ணன் பேனட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வைத்தார். சில்லென்று இருந்தது. நல்லது. நாம் வருவதற்கு முன்பே ஒரு தரம் ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருந்தால் குளிர் ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாமல் போய்விடும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தோம். கறுப்பாக இருந்தது, பால் கலந்த மாதிரி இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் மேல் ஆயில் படலமும் இல்லை. செல்ஃப் கொஞ்சம் இழுத்து இழுத்துச் சுற்றியது, ஆனால் பிடித்துக்கொண்டது. முதலில் வெள்ளைப் புகை, சூடு ஏறியதும் தெளிந்துவிட்டது. நீலமாக வந்திருந்தால் ரிங், போர் என்று செலவு கிளம்பியிருக்கும். இன்ஜினுக்குள் சேரும் புகை வெளியேறும் பிரீதர் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கொஞ்சமாகத்தான் ஊதியது.

அடுத்து பார்த்த கிளட்ச்சில்தான் இந்த வண்டியின் கதையே இருந்தது.

பழைய டிராக்டர்களில் ஒற்றை கிளட்ச் உண்டு, இரட்டை கிளட்ச் உண்டு. ஒற்றை என்றால் பெடலை மிதித்ததும் சக்கரத்தோடு பிடிஓ-வுக்குப் போகும் சக்தியும் நின்றுவிடும். டிரைலர் இழுப்பவருக்கு இது பொருட்டே இல்லை. புல் வெட்டுபவருக்குப் பெரிய தொல்லை. அடர்ந்த இடத்தில் ஸ்லாஷர் திணறும்போது வண்டியை மட்டும் நிறுத்தி பிளேடை ஓடவிட முடியாது. அதோடு ஆபத்தும் உண்டு: வேகமாகச் சுற்றும் கனமான பிளேடு, கிளட்ச் மிதித்த பிறகும் பிடிஓ வழியாகக் கியர் பெட்டியைச் சுற்றி வண்டியை முன்னால் தள்ளும். பிரேக் மிதித்தும் நிற்காமல் வேலியில் போய் ஏறும். இதற்கு ஒருவழியாக மட்டும் சுற்றவிடும் ஓவர்ரன்னிங் கப்ளிங் போட்டுக்கொள்ளலாம், தள்ளுவது நிற்கும். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு பிளேடை ஓடவைக்கும் வசதி வராது.

ஐயாவுக்கே இது ஒற்றையா இரட்டையா என்று நினைவில்லை. "வாங்குனப்ப சொன்னாங்கம்மா, நமக்கு அது தேவைப்படல" என்றார். அண்ணன் பிடிஓ-வைப் போட்டுவிட்டு முதல் கியரில் மெல்ல நகர்த்தினார். பெடலைப் பாதி மிதித்தார். சக்கரம் நின்றது, பின்னால் தண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. முழுக்க மிதித்தார், தண்டும் நின்றது. இரட்டை கிளட்ச்! எனக்கு ஐயாவின் முன்னால் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது, விலை ஏறிவிடுமே.

அடுத்த சோதனையில் குறை வெளியே வந்தது. பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டார். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். இது முக்கிக்கொண்டே ஓடியது, கருகிய நாற்றம் வந்தது. சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் கிளட்ச் பிளேட் தேய்ந்து முடிந்துவிட்டது. ஒவ்வொரு கேட் முன்னாலும் நின்று நின்று, நிறைந்த டேங்கரோடு கிளம்பிய வண்டிக்கு வேறென்ன ஆகும்? டேங்கரின் கொக்கி மாட்டும் பட்டையின் ஓட்டை வட்டம் போய் முட்டை வடிவத்தில் இருந்தது. இடது பிரேக் பெடல் அடி வரை போனது.

பிடிஓ மூடியைக் கழற்றுவதற்கே சுத்தியல் வேண்டியிருந்தது. இறுகிய கிரீஸைத் துணியால் துடைத்தேன். ஆறு பல், ஆறும் கூர் மாறாமல் நேராக நின்றன. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் படி தட்டவில்லை. தண்ணீர் இறக்கப் பம்ப் மாட்டினீர்களா என்று கேட்டேன். "எதுக்கும்மா, குழாயத் திறந்துவிட்டா தானா சம்புல இறங்கிடும்" என்றார். ஆக, வண்டி தேய்ந்ததெல்லாம் எங்கள் வேலைக்குப் பெரிதாக வேண்டாத இடங்களில். பாடுபட வேண்டிய பாகம் ஏறக்குறைய புதிது.

பின்னால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்கில் ஐயாவின் பழைய உழவுக் கருவியான கல்டிவேட்டரையே மாட்டித் தூக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது ஒரு சாண் இறங்கியிருந்தது. எனக்கு அது கவலையில்லை. ஸ்லாஷரின் வெட்டு உயரத்தைப் பின்சக்கரமும் சங்கிலியும் வைத்து நிறுத்திக்கொள்ளலாம்.

கிளட்ச் மாற்றுவதென்றால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்ஜினும் கியர் பெட்டியும்தான் இதற்கு முதுகெலும்பு, தனிச் சட்டம் கிடையாது. பிரிக்கிற கூலியே கணிசம் என்பதால் பிரித்ததோடு இரண்டு பிளேட்டும், ரிலீஸ் பேரிங்கும், பின் ஆயில் சீலும் ஒரே கையோடு மாற்றிவிட வேண்டும் என்று அண்ணன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவச் சொன்னேன். புல் வெட்டும்போது பூவும் பொட்டும் பறந்து அதன் இடுக்குகளை அடைக்கும், அங்கேதான் வண்டி கொதிக்கும்.

ஐயா 1,80,000 சொன்னார். கிளட்ச் கணக்குச் சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். 1,45,000-க்கு வந்தார். ஆர்.சி. புத்தகத்தில் பழைய பேங்க் கடனின் பதிவு இன்னும் நீங்காமல் இருந்தது. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, பதிவை எடுக்கத்தான் யாரும் போகவில்லை. பேங்க் கடிதமும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் அவர் வாங்கித் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயர் மாற்றும் படிவங்கள் 29, 30-ல் கையெழுத்தும் மீதிப் பணமும் என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பதிவுப் புதுப்பிப்புக் காலமும் நெருங்குகிறது, அந்தச் செலவு என்னுடையது.

தம்பிக்கு இதற்குள் வேலை கொடுத்தாகிவிட்டது. நிலம் முழுக்க நடந்து கல், அத்துக்கல், அறுந்த முள்கம்பி எல்லாவற்றுக்கும் குச்சி நட்டுத் துணி கட்ட வேண்டும். ஸ்லாஷர் கல்லை எங்கே எறியும் என்று சொல்ல முடியாது, அது ஓடும்போது மாடும் மனிதரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. கட்டைவிரல் தடிமனுக்கு மேல் போன வேலிக்காத்தானை ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்குவதுதான் வழி. வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும், கீழே கிடக்கும் முள் டயரைப் பதம் பார்க்கும்.

ஸ்லாஷர் வருவதற்கு முன்பே பிடிஓ தண்டுக்குப் பிளாஸ்டிக் உறை வாங்கிவிட்டேன். நிமிஷத்துக்கு 540 சுற்று என்றால் விநாடிக்கு 9. துணி சுற்றிக்கொண்டால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. தம்பிக்கு இருபத்துநாலு மணி நேரமும் லுங்கிதான். லுங்கியோடு வண்டிப் பக்கம் வந்தால் சாவி பெரம்பூருக்கு வந்துவிடும் என்று அவன் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவனிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.