எதிர்க்காற்று

"அண்ணா, என் பின்சக்கரத்தை மட்டும் பாருங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரம் தாண்டியதுமே எனக்குக் கால் மரத்துவிட்டது. சைக்கிள் பயணத்தின் மூன்றாம் நாள் வேறு. ஆனிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நேராக முகத்தில் அறைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கிற வாசல் அது. சமதள ரோட்டிலேயே கியரைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அப்படிச் சொன்னவள்தான் குழுவிலேயே சின்னவள். எனக்கு முன்னால் வந்து மொத்தக் காற்றையும் தானே வாங்கிக்கொண்டாள்.

அவள் டயரில் ஒட்டியிருந்த செம்மண் துணுக்கு சுற்றிச் சுற்றி வந்தது. அதையே பார்த்து மிதித்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் மோர் குடிக்கும்போதுதான் அவள் கை நடுங்குவதைப் பார்த்தேன். எத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒதுங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனோ!

நாளைக் காலை நான் முன்னால் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.